அக்காவும் நானும் கோவம்

1

‘கொன்ஃபிளிக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான் தினமும் எத்தனை தடவை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். மெல்பன் நகரின் ஓரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், யார் எந்த நேரம் வேலைக்கு வரவேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் போட்டுவிட்டால், கணினியில் அந்தக் கட்டம் சிவந்து இந்தச் சொல் வந்து நிற்கும். இரண்டில் ஒன்றை நான் அழிக்கவேண்டும். அழித்ததும் சிவப்புப் போய்விடும். எனக்கும் அத்துடன் மறந்துவிடும்.

போன மாசி மாதம் எனக்கே விடுமுறை கேட்டு என் பெயரைப் போட்டேன். ஜோசப் அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருக்கு நினைவுப் பூசை. கட்டம் சிவந்தது. அந்த வாரத்தில் என்னுடன் வேலை செய்பவளும் விடுமுறை கேட்டிருந்தாள். மேலாளர் பெண் என்னைக் கூப்பிட்டு, இறந்தவர் என்ன உறவு என்று கேட்டாள். அக்காவின் கணவர் என்றேன். நெருங்கிய உறவுப் பட்டியலில் அது இல்லையாம். அத்தான் என்ற சொல்லை அவளுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த எனக்கு அன்றைக்குத் தெம்பு இருக்கவில்லை. சம்பளமில்லாத விடுமுறை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். நேரம் இடித்தாலும் அதுதான், நாடுகள் அடிபட்டாலும் அதுதான். புதிதாகச் சந்திக்கிற வெள்ளைக்காரர்கள் இலங்கை என்றதும் முகத்தை இறக்கிக்கொண்டு, “கொன்ஃபிளிக்ட் காரணமாக வந்தீர்களா?” என்று கேட்பார்கள். உண்மையில் நான் கல்யாணம் கட்டி வந்தவள். மாப்பிள்ளை மெல்பனில் இருந்தார், வந்தேன். ஆனால் அதைச் சொன்னால் கேட்டவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதனால் இப்போதெல்லாம் ஓம் என்று தலையாட்டிவிடுகிறேன். முழுப் பொய்யும் இல்லை. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுதான் என் கூறைப்புடவையை வாங்கினேன்.

2

என் மகள் ஷெரின் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்பவர்கள் சண்டை பிடித்தால் அவர்களை உட்காரவைத்துத் தீர்த்துவைப்பது அவள் பொறுப்பு. அதற்கென்று படித்துப் பட்டமும் வாங்கியிருக்கிறாள். தமிழ் கேட்டால் விளங்கும், சொல்ல வரும்போது தடுமாறுவாள். ஒருநாள் சாப்பிடும்போது, கொன்ஃபிளிக்டுக்குத் தமிழ் என்ன என்று கேட்டாள்.

மோதல் என்றேன். அது செய்தியில் வாசிப்பது. முரண்பாடு, கட்டுரையில் எழுதுவது. பிணக்கு, தொழிற்சங்கக்காரர் சொல்வது. தகராறு என்றால் பொலிசில் முறைப்பாடு வரை போயிருக்கும். எங்கள் வீட்டில் இவை ஒன்றையும் யாரும் வாயால் சொன்னதில்லை. எண்பத்து மூன்றில் தமிழர் வீடுகளை அடித்து எரித்ததைக் கலவரம் என்றோம். அதற்குப் பிறகு வந்த அவ்வளவு பெரிய யுத்தத்தைப் பிரச்சினை என்று மட்டும் சொன்னோம். “பிரச்சினை நேரம் வெளியில போகாத” என்பார் அப்பா. என்ன பிரச்சினை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

“அப்ப, ரெண்டு பேர், ஒரு ஃபமிலியில, கொன்ஃபிளிக்ட் எண்டா?” என்று ஷெரின் விடாமல் கேட்டாள்.

“அதுக்குக் கோவம் எண்டு சொல்லுறது” என்றார் என் கணவர், தட்டைப் பார்த்தபடி. “உன்ர அம்மாவும் பெரியம்மாவும் மாதிரி.”

3

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யார் யாருடன் கோவம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கோவம் என்றால் உறவு முறிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உறவு அப்படியே இருக்கும், நேரே கதைப்பது மட்டும் இல்லை. நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு வீட்டில் செய்த கேக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் கொடுத்தனுப்புவார்கள். தட்டு வெறுமையாகத் திரும்பாது, கொக்கிஸ் என்கிற அச்சுப் பலகாரமோ வேறு ஏதாவதோ அதில் வரும். செத்தவீட்டுக்குப் போய் முன்வரிசையில் இருந்து அழுவார்கள். வீட்டுக்காரி, “அவவுக்குத் தேத்தண்ணி குடு” என்று நடுவில் இருக்கிற யாரிடமாவது சொல்லுவாள். அவவும் அந்த நடு ஆளிடமே, “வேண்டாமெண்டு சொல்லு” என்று சொல்லிவிட்டுக் குடிப்பா. நடுவில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுக்குப் படிப்பு ஒன்றும் தேவையில்லை, காது கேட்டால் போதும்.

பதினொரு வருடமாக எனக்கும் பிலோமினா அக்காவுக்கும் நடுவில் இருந்த ஆள் ஜோசப் அத்தான்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து எனக்கு எடுப்பார். பக்கத்தில் அக்கா இருப்பது எனக்குக் கேட்கும்.

“கால் நோ எப்பிடி எண்டு கேளுங்கோ.”

“கால் நோ எப்பிடியாம் ரீட்டா?”

“பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ அத்தான்.”

“பரவாயில்லையாம்.”

“எண்ணெய் பூசச் சொல்லுங்கோ.”

கேட்டதையே திருப்பிக் கேட்டு, சொன்னதையே திருப்பிச் சொல்லி, அந்த மனுசன் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. நீங்களே கதையுங்கோவன் என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் நாங்கள் கதைத்திருப்போமோ என்னவோ. அவர் போனபோது நான் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தேன். என் கணவர்தான் செத்தவீட்டுக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை. என் தொலைபேசியில் அத்தானின் எண்தான் இருந்தது, அக்காவின் எண் இருக்கவில்லை. இனி அக்கா உயிரோடு இருக்கிறாவா என்பதைக்கூட யாராவது முகநூலில் போட்டால்தான் அறியவேண்டும் என்ற நினைப்பு வந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது.

4

கோவத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க ஒன்றுமில்லை. அம்மா இறந்தபோது நான் மெல்பனிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, இன்னும் ஒரு நாள் வைத்திருங்கோ என்று கேட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்வரை மலர்ச்சாலையில் உடலை வைத்திருப்பது எங்கள் ஊரில் புதுமை இல்லை. ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்போதே, தன்னை ஐசில் வைக்கக்கூடாது, அடுத்த நாளே வீட்டிலிருந்து எடுக்கவேண்டும் என்று அக்காவிடம் வாக்கு வாங்கியிருந்தா. அக்கா அம்மாவின் சொல்லைக் கேட்டா. நான் இறங்கி நேரே சேமக்காலைக்குப் போனபோது அம்மாவின் குழிமேல் ஈரமண்தான் கிடந்தது.

இந்தக் காரணம் எனக்கு அன்றைக்கே தெரியும். ஷெரின் படித்த பாடத்தில், சரியாக விளங்கிக்கொள்ளாததால்தான் கொன்ஃபிளிக்ட் வருகிறது என்று இருக்கிறதாம். எனக்கு எல்லாம் சரியாகத்தான் விளங்கியது. அக்கா செய்ததில் பிழையில்லை என்றும் தெரியும். இருந்தும் ஆத்திரம் அடங்கவில்லை, ஏனென்றால் என் மச்சாள் ஸ்டெல்லா அன்று சேமக்காலை வாசலில் வைத்து எனக்கு ஒரு வசனம் சொன்னாள். ஃபாதர் தொடங்கலாமா என்று கேட்டாராம். “எல்லாரும் வந்தாச்சு ஃபாதர், தொடங்குங்கோ” என்று அக்கா சொன்னாவாம்.

நான் அப்போது எங்கேயோ கடலுக்கு மேலே, யாருக்கும் ஒன்றும் சொல்ல வழியில்லாமல் ஆகாயத்தில் இருந்தேன். எல்லாரும் வந்தாச்சு. புதைத்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன், அந்த வசனத்தைப் பொறுக்க முடியவில்லை.

5

அப்படியிருந்தும் கொழும்பில் நான் இறங்கியது அக்காவின் வெள்ளவத்தை ஃபிளாட்டில்தான். ஹோட்டலில் தங்கினால் காலி வீதியில் இருக்கிற அத்தனை புடவைக் கடைக்கும் மறுநாளே தெரிந்துவிடும். “அறை கூட்டி வைச்சிருக்காம் எண்டு அக்கா சொல்லச் சொன்னவ” என்று ஸ்டெல்லா எனக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். அது அழைப்பு.

ஷெரினும் கூட வந்தாள். வந்த நாளிலிருந்து அத்தான் செய்த வேலை அவள் தலையில் விழுந்தது.

“ஷெரின், அம்மாட்ட கேள், இடியப்பமோ பாணோ எண்டு.”

“அம்மா, பெரியம்மா கேக்குது, இடியப்பமா பாணா?”

“கேக்குது இல்லை பிள்ளை, கேக்கிறா. இடியப்பம் எண்டு சொல்லு.”

“அம்மா இடியப்பம் சொன்னா. ஓ மை கோட், நீங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில இருக்கிறீங்க!”

அக்காவுக்கு வாய்க்குள் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். பார்க்காதது போல் சம்பலை எடுத்தேன். அக்கா மெலிந்துவிட்டிருந்தா. ரயில் போகும்போது ஃபிளாட்டின் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை கரண்டியைத் தூக்கிய கையோடு அப்படியே நிற்பா. முன்பு இந்தப் பழக்கம் இருக்கவில்லை. கேட்கலாம் என்று இருந்தது. ஷெரின் குளித்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஷெரின் பொறுமை இழந்துவிட்டாள். ஹோலில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, நடுவில் தான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது, மற்றவரைக் குற்றம் சொல்லாமல் தனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லவேண்டும் என்று சட்டம் வாசித்தாள்.

“இதென்ன, பொலிஸா?” என்றா அக்கா.

“இல்லை பெரியம்மா. இந்தக் கொன்ஃபிளிக்ட் எப்பிடித் தொடங்கினது எண்டு நீங்க சொல்லோணும்.”

“எங்களுக்குள்ள கொன்ஃபிளிக்ட் ஒண்டும் இல்லையே பிள்ளை. நாங்கள் கோவம், அவ்வளவுதான்.”

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த அத்தானின் படத்தைப் பார்த்தேன். படத்திலும் அவர் யாருக்கோ எதையோ சொல்லப்போகிறவர் மாதிரித்தான் இருந்தார்.

“நான் அம்மாட சொல்லைக் கேட்டனான்” என்றா அக்கா, ஷெரினின் முகத்தைப் பார்த்து. “கேக்காட்டி அதுக்கும் நான்தான் ஏச்சு வாங்கியிருப்பன் எண்டு உன்ர அம்மாட்ட சொல்லு.”

“அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லு” என்றேன் நான். “எல்லாரும் வந்தாச்சு எண்டு ஏன் சொன்னவ எண்டு மட்டும் கேள்.”

ஷெரின் அந்த வசனத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டாள். அக்காவின் முகம் மாறியது. அந்த வசனம் எனக்கு வந்து சேர்ந்தது இத்தனை வருடமாக அவவுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. “சோறு அடிப்பிடிக்குது” என்று எழும்பிக் குசினிக்குள் போனா. சோறு அடிப்பிடிக்கவில்லை. எனக்கு அந்த மணம் தெரியும்.

ஷெரின் கதிரைகளைத் திரும்ப மேசைக்குக் கீழே தள்ளினாள். “எங்கட ஒஃபிஸில இது எப்பவும் வேர்க் பண்ணும் அம்மா” என்றாள். பாவமாக இருந்தது. அடுத்த நாள் விடிய அவள் சிநேகிதியுடன் மலைநாடு பார்க்க ரயிலேறினாள். முதலே முடிவு பண்ணிய பயணம். பூசைக்கு நிற்கச் சொல்லி நான் கேட்டேன். அத்தானை அவள் இரண்டு தடவைதான் நேரில் கண்டிருக்கிறாள். அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அதற்கும் ஒரு கவலை வந்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

6

பூசை பின்னேரம் ஐந்தரைக்கு, கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய கோயிலின் பக்கத்துச் சிற்றாலயத்தில். வீட்டில் நடு ஆள் இல்லாததால் அன்று காலை நான் வெளிக்கிட்டுவிட்டேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயரின் எழுத்து ஒன்று பிழை. ஓய்வூதிய வேலைகளுக்கு அதைத் திருத்தவேண்டும் என்று மெல்பனில் கேட்டிருந்தார்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருந்த ஒரு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நோனா கொஹெத?” எந்த ஊர் என்று மேசைக்கு அப்பால் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார்.

“கொட்டஹேன” என்றேன். கொட்டாஞ்சேனையைச் சிங்களத்தில் சொல்ல என் நாக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் என் கைப்பையையும் சப்பாத்தையும் பார்த்துச் சிரித்தார். “தென்?” இப்போது எங்கே என்று அர்த்தம்.

சொன்னேன். நல்லவர்தான். ஆனால் கணினி வேலை செய்யவில்லை. இதோ வந்துவிடும் என்றார்கள். சாப்பாட்டு நேரம் போனது, தேநீர் நேரமும் போனது. இவ்வளவு நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போக மனம் வரவில்லை. வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்தும் அலுவலகத்துக் கதிரையில் குந்தியிருக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. கடைசியில், “ஹெட்ட என்ட”, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஓட்டோ கிடைக்கவே வெகு நேரம் ஆகிவிட்டது. ஓட்டியவர் ஒரு முஸ்லிம் ஆள், என் வயதுதான் இருக்கும்.

“முன்னுக்கு ஃபுல்லா ப்ளொக்கா ஈக்கிது அக்கா. மருதானையால சுத்தி, கிராண்ட்பாஸால போவமா?”

“எப்பிடியாவது போங்கோ. பூசைக்கு நேரம் போகுது.”

“யாருக்குப் பூசை?”

“அக்காட புருசனுக்கு.”

“அப்ப அவங்க பாத்துக்கிட்டு ஈப்பாங்க” என்று சொல்லி வேகம் கூட்டினார். யாரும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கிராண்ட்பாஸிலும் அதே கதைதான். வெள்ளத்துக்குள் பேருந்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஐந்தரை ஆகிவிட்டது. அக்காவின் எண் என்னிடம் இல்லை. ஷெரினுக்கு எடுத்தேன், மலைக்குள் எங்கேயோ, தொடர்பு கிடைக்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு எடுத்தேன், கோயிலுக்குள் இருந்ததால் நிறுத்திவைத்திருந்தாள் போலும். அரைவாசியில் போய் நுழையப்போகிறேன். அம்மாவுக்குப் பிந்தியது போல அத்தானுக்கும் பிந்தியவள் என்ற பெயர் மிஞ்சும். அதைவிட, இதோடு எங்கள் கதை முடிந்தது என்று பட்டது. அக்கா வீட்டுக்கு வருவா, நான் பெட்டி கட்டுவேன், சொல்லி அனுப்ப ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து ஒன்றும் சொல்லாமல் போய்விடுவேன். ஓட்டோவின் பிளாஸ்டிக் திரையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். ஓட்டுபவர் கண்ணாடியில் பார்த்தார்.

கோயில் வாசலில் இறங்கும்போது ஆறு மணியும் தாண்டிவிட்டது. சிற்றாலயத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். படியில் ஸ்டெல்லா குடையோடு நின்றாள்.

“எங்கயடி போனனீ? கெதியா வா.”

“முடிஞ்சுதோ?”

“எங்க முடியிறது! இன்னும் தொடங்கவே இல்லை. உன்ர அக்கா தொடங்க விட்டாத்தானே. ஃபாதர் ரெண்டு தரம் வந்து கேட்டிட்டார். பொறுங்கோ ஃபாதர், பொறுங்கோ ஃபாதர் எண்டு அதையே சொல்லிக்கொண்டு இருக்கிறா. அவருக்கு ஏழு மணிக்கு வேற இடத்தில பூசையாம்.”

உள்ளே பழைய ஒழுங்கைக்காரர் கொஞ்சப் பேர், ஈரக் குடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன் வாங்கில் அக்கா மட்டும் திரும்பவில்லை. பக்கத்து இடத்தில் அவவின் கைப்பை இருந்தது. நான் கிட்டப் போனதும் அதை எடுத்து மடியில் வைத்தா. நான் உட்கார்ந்தேன். என் புடவையிலிருந்து தண்ணீர் வாங்கில் சொட்டியது. அக்கா லேஞ்சியை எடுத்து நீட்டினா. நெற்றியைத் துடைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை. நடு ஆளைத் தேடுவது போல அக்கா ஒரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தா. பிறகு என் முகத்துக்கு நேரே திரும்பினா.

“ரீட்டா, ஃபாதரிட்டப் போய்ச் சொல்லு. எல்லாரும் வந்தாச்சு, தொடங்கலாம் எண்டு.”

நான் எழும்பினேன். பீடத்துக்குப் பக்கத்து அறை வாசலில் இளம் ஃபாதர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். சொல்லி அனுப்பியதைச் சொல்லாமல் விடக்கூடாது.

“ஃபாதர், அக்கா சொல்லச் சொன்னவ” என்றேன். “எல்லாரும் வந்தாச்சாம்.”